உயிரியல் அச்சுறுத்தலாய்வில் பல்கலைக்கழகமும் புலனாய்வும்

உயிரியல் அச்சுறுத்தலாய்வு என்பது, மனிதருக்கோ கால்நடைக்கோ பயிருக்கோ நோய் விளைக்கும் நுண்ணுயிர்களும் நச்சுப்பொருள்களும், தீய நோக்கினாலோ ஆய்வுகூடத் தவறினாலோ இயற்கையின் போக்கினாலோ பரவக்கூடிய அபாயத்தை முன்கூட்டியே அறிந்து மதிப்பிடும் முயற்சியாகும். இம்முயற்சியில் இரு சாரார் ஈடுபடுகின்றனர். ஒரு சாரார், நோயையும் கிருமியையும் அவை வாழும் சூழலையும் கற்றுத் தம் முடிவுகளைப் பலரறிய வெளியிடும் பல்கலைக்கழக அறிஞர். மற்றவர், அரசுகளின் புலனாய்வுத் துறைகளில் அமர்ந்து, கிடைத்த செய்திகளைத் தொகுத்து, ஆட்சியாளருக்கு மட்டும் அறிக்கை சமர்ப்பிக்கும் பகுப்பாய்வாளர். இவ்விரு சாராரின் கூட்டுறவு எங்கே பயன் தந்தது, எங்கே வழி தவறியது என்பதை வன்னிப் பெருநிலத்திலிருந்து நோக்குவோருக்கு ஒரு தனிக் காரணம் உண்டு. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் ஆகிய மாவட்டங்களைக் கொண்ட இப்பிரதேசத்தை மையமாகக் கொண்டு நடந்த யுத்தம், அயல்நாட்டுப் புலனாய்வாளரின் தொகுப்பு நூல்களில் அச்சுறுத்தல் என்ற தலைப்பின்கீழ்ச் சில வரிகளாக இடம்பெற்றுள்ளது. அந்நூல்கள் அஞ்சும் கிருமிகளுள் ஒன்றோ, வெளியிலிருந்து எவரும் கொண்டுவர வேண்டாத வகையில், இலங்கையின் நெல்வயற் சேற்றிலேயே வாழ்ந்து வருகிறது.

பூர்வ சரித்திரம்

அரசாங்கத்தின் அச்சமும் அறிஞரின் நுணுக்குக்காட்டியும் ஒருங்கே கூடிய முற்பட்ட சந்தர்ப்பமொன்று இலங்கையிலேயே நிகழ்ந்தது. 1869ஆம் ஆண்டில் ஊவாவைச் சேர்ந்த மடுல்சீமைத் தோட்டங்களில் கோப்பி இலைகளின் அடிப்புறத்தில் செம்மஞ்சள் நிறமான பொடி படரக் காணப்பட்டது. பேராதனைப் பூந்தோட்டத்தின் பணிப்பாளராயிருந்த துவெயிற்ஸ் என்பார் அவ்விலைகளை இங்கிலாந்துக்கு அனுப்ப, அங்கே பூஞ்சண ஆராய்ச்சியில் பெயர்பெற்றிருந்த பார்க்லி அதனைப் புதியதொரு பூஞ்சணம் எனக் கண்டு ஹெமிலேயா வாஸ்டாட்ரிக்ஸ் என்று பெயரிட்டார். பத்தாண்டுகளுக்குள் தோட்டங்கள் சீர்குலையவே, கேம்பிரிட்ஜில் கற்ற ஹரி மார்ஷல் வார்ட் என்னும் இளைஞரை அரசாங்கம் 1880இல் இலங்கைக்கு வரவழைத்தது. அவர் கிளிசரின் பூசிய கண்ணாடித் தட்டுகளைத் தோட்டங்களிலே காற்றுப்படும்படி வைத்து, அவற்றில் ஒட்டிய நுண்ணிய வித்துகளை நுணுக்குக்காட்டியின்கீழ் எண்ணிப் பார்த்து, நோய் காற்றின் வழியே பரவுவதை ஐயத்துக்கிடமின்றி நிறுவினார். இடைவெளியின்றி மலைக்கு மலை ஒரே பயிரை நட்டதே அழிவுக்கு வழி செய்தது என்பதும் அவருடைய முடிவு. மருந்து கேட்டிருந்த தோட்டத்துரைமார் இம்முடிவினால் திருப்தியடையவில்லை; கோப்பியின் இடத்தைத் தேயிலை பிடித்தது. எனினும் ஒரு நாட்டின் பொருளாதாரத்தை ஒரு பூஞ்சணம் கவிழ்க்கக்கூடும் என்ற உண்மையை உலகம் கற்றுக்கொண்ட இடங்களுள் இலங்கை முக்கியமானது. ஒரு நூற்றாண்டின் பின் இந்நாட்டின் தேயிலையையும் இறப்பரையும் குறித்து எழுந்த அச்சத்தின் வேரும் இங்கேயே உள்ளது.

முதலாம் உலக யுத்தத்தின்போது கிருமியை ஆயுதமாகக் கையாண்ட செயல் முதன்முறையாக முறைப்படி நடைபெற்றது. ஜெர்மனியின் பொருட்டு 1915இல் ஐக்கிய அமெரிக்காவில் இரகசியமாக வேலை செய்த அன்டன் டில்கர் பயிற்சி பெற்ற வைத்தியராவார். வாஷிங்டன் நகரத்து வீடொன்றில் அவர் வளர்த்த கிருமிகள், யுத்தத்துக்கு அனுப்பப்படவிருந்த குதிரைகளையும் கோவேறு கழுதைகளையும் நோயுறச் செய்யும் நோக்கத்துக்குப் பயன்பட்டன. அவற்றுள் ஒன்று குதிரைகளைத் தாக்கும் கிளாண்டர்ஸ் என்னும் நோயின் கிருமி.

அதற்கு நான்கு ஆண்டுகள் முன்னரே, 1911இல், அக்கிருமியின் நெருங்கிய உறவான வேறொன்று இரங்கூன் நகரத்துப் பிணவறையில் கண்டுபிடிக்கப்பட்டிருந்தது. அங்கு நோய்க்குறியியலாளராயிருந்த அல்பிரெட் விற்மோரும் அவருடன் பணியாற்றிய உதவிச் சத்திரவைத்தியர் சி. எஸ். கிருஷ்ணசுவாமியும், நுரையீரல், ஈரல், மண்ணீரல் எங்கும் சீழ்க்கட்டிகளுடன் மாண்ட வறியவரின் சடலங்களைப் பரிசோதித்து, கிளாண்டர்ஸ் போலத் தோன்றினும் அதுவல்லாத நோய் இதுவென்று தெளிந்து, 1912இல் இந்தியன் மெடிக்கல் கசெற் பத்திரிகையில் எழுதினர். மாண்டோரிற் பலர் மோர்பியா ஊசிக்கு அடிமைப்பட்ட அநாதைகள். குதிரையோடு சம்பந்தமே இல்லாத இம்மனிதருக்குக் குதிரை நோய் எவ்வாறு வந்தது என்ற கேள்வியை விடாது பற்றியமையே அவ்விருவரின் பெருமை. பின்னாளில் நோய் 'விற்மோர் நோய்' என்று அழைக்கப்பட்டபோது கிருஷ்ணசுவாமியின் பெயர் மறைந்துபோயிற்று. நம்மவர் ஒருவரின் பங்களிப்பாகிய அதனை இங்கே குறிப்பிடுவது கடமை. மெலியோய்டோசிஸ் என்ற பெயரை மலாயாவில் ஸ்ரான்ரன், பிளெற்சர் என்போர் 1921இல் இட்டனர். இலங்கையில் முதலாவது நோயாளியாக ஓர் ஐரோப்பியரை டென்னியும் நிக்கல்ஸும் 1927இல் பதிவு செய்தனர். அதன்பின் ஏறக்குறைய எண்பது ஆண்டுகள் இந்நோய் இந்நாட்டில் அரிதெனவே கருதப்பட்டது.

ஐயங்களின் காலம்

அறிஞரின் ஆராய்ச்சிக்குப் பின்னால் இராணுவத்தின் கை இருக்கக்கூடும் என்ற சந்தேகம் தென்னாசியாவில் வலுப்பெற்றது 1970களிலாகும். 1957இல் மைசூர்ப் பகுதியின் சிமோகா மாவட்டத்தில், கியாசனூர்க் காட்டில் குரங்குகள் கூட்டமாக மடிந்து, காட்டோரக் கிராமத்தவரும் காய்ச்சலுற்றபோது, புனேயிலிருந்த வைரஸ் ஆராய்ச்சி நிலையத்தார் உண்ணிகளால் பரவும் புதிய வைரஸ் ஒன்றைக் கண்டனர். இது ருஷ்ய நாட்டில் உள்ளதொரு வைரஸின் இனமாயிருந்தமையால், சைபீரியாவிலிருந்து வரும் பறவைகள் உண்ணியைச் சுமந்து வந்தனவோ என்ற கேள்வி பிறந்தது. சலீம் அலி முன்னின்று நடத்திய பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கம் 1959 முதல் பறவைகளுக்குத் தகட்டு வளையமிடும் வேலையைத் தொடங்கியது. 1963இல் ஆரம்பித்த ஆசிய வலசைப் பறவை நோய் ஆய்வுத் திட்டமோ ஐக்கிய அமெரிக்க இராணுவத்தின் வைத்திய ஆராய்ச்சி நிதியைக் கொண்டு, பல நாடுகளில் பத்து இலட்சத்துக்கும் அதிகமான பறவைகளுக்கு வளையமிட்டது.

பறவையின் காலில் மாட்டும் அவ்வளையம் பாரமற்றது. ஒரு தொடரிலக்கமும், கண்டெடுத்தவர் அறிவிக்க வேண்டிய சங்கத்தின் பெயரும் அதில் பொறிக்கப்பட்டிருக்கும். கோடியக்கரையில் இறங்கும் நீர்ப்பறவைகளுக்குச் சுண்டிக்குளத்தின் களப்பும் வங்காலையின் சதுப்பும் தூரமல்ல. கடல் நடுவே கிடப்பினும் அவற்றுக்கு இக்கரையும் அக்கரையும் ஒரே மேய்ச்சல் நிலமாகும். பறவை எங்கே போகிறது என்று அறிய விரும்பிய இயற்கையியலாளர் வளையமிட்டனர். பறவையோடு என்ன போகிறது என்று அறிய விரும்பிய இராணுவம் பணம் கொடுத்தது. விஞ்ஞானத்துக்குக் கிடைத்த லாபம் பெரிதே. ஆயினும் பணத்தின் ஊற்று எதுவென்பது பொதுமக்களுக்கு முதலிலேயே தெரிவிக்கப்படாமையால் நேர்ந்த நஷ்டம் அதனிலும் பெரிது.

டில்லியில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் உலக சுகாதார நிறுவனமும் அமெரிக்க நிதியுடன் நடத்திய கொசு மரபுக் கட்டுப்பாட்டு ஆய்வுப் பிரிவுக்கு நேர்ந்த கதி அதற்குச் சான்று. மலடாக்கிய ஆண் கொசுக்களை விடுவித்து இனப்பெருக்கத்தைக் குறைப்பது அப்பிரிவின் நோக்கம். மஞ்சட்காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசுவை மலேரியாக் கொசுவுக்கு முன்பாகத் தேர்ந்தெடுத்தது ஏன் என்று பத்திரிகைகள் வினவின. உயிரியல் யுத்தத்துக்கு வேண்டிய தரவுகளைத் திரட்டும் வேலையே இது என்ற குற்றச்சாட்டு பாராளுமன்றத்தின் பொதுக்கணக்குக் குழுவரையில் சென்றது. 1975இல் அக்குழுவின் அறிக்கை வெளிவந்தது. அரியானாவின் சோனிப்பத்தில் நடைபெறவிருந்த கொசு விடுவிப்பு கைவிடப்பட்டு, பிரிவும் மூடப்பட்டது. அறிஞர் குற்றமற்றவராயிருந்தனர், அவர்களைச் சூழ்ந்திருந்த மௌனமே குற்றமாயிற்று.

மஞ்சள் மழையும் சுவெர்ட்லோவ்ஸ்க்கும்

இவ்விரு சாராரின் உறவை ஆராய்வோர் எல்லாரும் திரும்பத் திரும்ப எடுத்துக்காட்டும் வழக்கு மஞ்சள் மழை என்பதாகும். 1981 செப்ரெம்பரில் பேர்லின் நகரில் பேசிய அமெரிக்க இராஜாங்கச் செயலாளர் அலெக்சாண்டர் ஹேக், லாவோசிலும் கம்போடியாவிலும் மலைவாசிகள்மீது வானிலிருந்து பூஞ்சண நஞ்சு தூவப்படுகிறது என்றும், அதற்குப் பௌதிக ஆதாரம் கிடைத்துள்ளது என்றும் அறிவித்தார். தாய்லாந்தின் முகாம்களில் தஞ்சம் புகுந்த ஹ்மொங் மக்கள், மஞ்சள் நிறத் துளிகள் மழைபோல் விழுந்ததாகவும் அதன்பின் நோயுற்றதாகவும் கூறியிருந்தனர். புலனாய்வாளர் துளிகள் படிந்த இலைகளைத் தேடிப் பெற்று ஆய்வுகூடங்களுக்கு அனுப்பினர்.

அவ்விலைகளை நுணுக்குக்காட்டியில் வைத்துப் பார்த்தபோது ஒவ்வொரு துளியிலும் நிறைந்திருந்தது பூந்தாது. ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் மத்தியூ மெசல்சனும், தேனீக்களைக் கற்ற தோமஸ் சீலியும், ஸ்மித்சோனியன் நிலையத்தில் பூந்தாதுகளை ஆராய்ந்த ஜோன் நோவிக்கும், தாய்லாந்தின் கசெற்சார்ட் பல்கலைக்கழகத்துத் தேனீ அறிஞர் பொங்தெப் அக்ரதனகுலும் சேர்ந்து, இத்துளிகள் பெருந்தேனீக்கள் கூட்டமாகப் பறந்து கழிக்கும் மலமே என்று காட்டினர். 1984இல் மெசல்சனும் சீலியும் தாய்லாந்துக் காட்டுக்குச் சென்று, அம்மழையில் தாமே நனைந்து திரும்பினர். சீனத்தின் ஜியாங்சு மாகாணத்தில் 1976இல் இவ்வாறே மஞ்சள் துளிகள் விழுந்து கிராமத்தார் அஞ்சியபோது, அங்குள்ள அறிஞர் இதே முடிவுக்கு வந்து எழுதியும் இருந்தனர். வாஷிங்டனில் எவரும் அதை வாசித்ததாகத் தெரியவில்லை.

அதே பெருந்தேனீ வன்னிக் காட்டிலும் உண்டு. பாலையும் மருதும் ஓங்கி நிற்கும் காடுகளில், உயர்ந்த கொம்பின் கீழ்ப்புறத்தில் ஒற்றை அடையாகத் தொங்கும் அதன் கூட்டைத் தேனெடுப்போர் நன்கறிவர். அத்தகைய மரத்தின்கீழ் இலைகளில் பருப்பளவும் அதற்குக் குறைந்த அளவுமாக மஞ்சட் புள்ளிகள் விழுந்து காய்ந்திருக்கும்; நகத்தால் சுரண்டினால் பொடியாய் உதிரும். ஒரு வல்லரசின் உளவுத் துறை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்த பொருளை, காட்டோரத்து மனிதர் ஒருவர் மரத்தை அண்ணாந்து பார்த்துச் சொல்லியிருக்கக்கூடும். காட்டைக் கேட்காமல் காட்டைப்பற்றி அறிக்கை எழுதினால் நேரும் பிழைக்கு இதனினும் தெளிவான உதாரணம் இல்லை.

அறிஞரும் பிழைபடுவர் என்பதற்கு மெசல்சனே சாட்சி. 1979 ஏப்ரலில் சோவியத் நாட்டின் சுவெர்ட்லோவ்ஸ்க் நகரில் மக்கள் அந்திராக்ஸ் நோயால் இறந்தபோது, இராணுவ நிலையமொன்றிலிருந்து கிருமி காற்றில் கலந்தது என்று அமெரிக்கப் புலனாய்வாளர் கருதினர்; கெட்ட இறைச்சியால் வந்தது என்று சோவியத் அரசு சொல்லியது. 1980இல் புலனாய்வாளரோடு அமர்ந்து சான்றுகளைப் பரிசீலித்த மெசல்சன், இறைச்சிக் கூற்றும் பொருந்தக்கூடியதே என்ற அபிப்பிராயத்தைப் பல ஆண்டுகள் கொண்டிருந்தார். 1992இல் அந்நகருக்கே சென்று, மானிடவியலாளர் ஜீன் கிலெமின் வீடு வீடாய்ச் சென்று இறந்தோர் குடும்பங்களை விசாரித்துத் திரட்டிய தகவல்களை வரைபடத்தில் குறித்தபோது, இறந்தோரிற் பெரும்பாலோர் இராணுவ நிலையத்திலிருந்து காற்று வீசிய திசையில் ஏறக்குறைய 4 கிலோமீற்றர் நீளமான ஒடுங்கிய கோட்டுக்குள் அன்று இருந்தவர் என்பது தெரியவந்தது. மரணங்கள் குறைந்தது 66. கிருமி இராணுவ நிலையத்திலிருந்தே காற்றில் கலந்தது என்பதை 1994இல் சயன்ஸ் இதழில் அவர்களே வெளியிட்டனர். ஒரு வழக்கில் அறிஞர் சரி, மற்றதில் புலனாய்வாளர் சரி; இரண்டிலும் உண்மையைத் தந்தது கள ஆய்வு.

வன்னியைப்பற்றிய ஆவணங்கள்

1980களில் தமிழ்ப் போராளிக் குழுவொன்றின் பெயரால் வெளியானதாகச் சொல்லப்படும் மிரட்டற் கடிதமொன்று, மஞ்சட்காய்ச்சலைப் பரப்புவோம், இறப்பர் மரங்களுக்கும் தேயிலைச் செடிகளுக்கும் நோய் உண்டாக்குவோம் என்று கூறியதாக ரொஹான் குணரத்தினா எழுதினார். அவ்வரிகளைக் கனடிய புலனாய்வுச் சேவையைச் சேர்ந்த ரொன் பேர்வர் 1995இல் வெளிப்படை நூல்களிலிருந்து தொகுத்த அறிக்கையும், அமெரிக்கத் தேசிய பாதுகாப்புப் பல்கலைக்கழகத்தின் சேத் காரஸ் உயிரியல் குற்றங்களைப்பற்றித் தொகுத்த பெருநூலும் எடுத்தாண்டன. ஒரு நூலிலிருந்து மற்றொன்றுக்குச் சென்ற இச்செய்தி ஒவ்வோர் இடத்திலும் புதிய சான்றுபோலத் தோற்றமளிப்பினும், மூலம் ஒன்றே. கடிதம் சொன்ன எதுவும் நிகழவில்லை. மஞ்சட்காய்ச்சல் ஆசியாவில் எக்காலத்தும் வேரூன்றியதில்லை. தேயிலையைத் தாக்கிய கொப்புள நோயோ 1946இல் எவருடைய மிரட்டலுமின்றித் தானே இலங்கைக்கு வந்து சேர்ந்தது.

நிகழ்ந்த சம்பவம் உயிரியலைச் சாராதது. 1990 ஜூனில் மட்டக்களப்பின் கிரான் இராணுவ முகாமைத் தாக்கிய விடுதலைப் புலிகள், வாழைச்சேனைக் காகித ஆலையில் இருந்த குளோரீன் வாயுவைப் பயன்படுத்தினர். அறுபதுக்கும் அதிகமான படையினர் பாதிக்கப்பட்டனர். காற்றுத் திரும்பியதால் தாக்கியவர் பக்கத்துக்கும் வாயு வந்தது. இச்சம்பவத்தை விரிவாக ஆராய்ந்து 2009இல் கட்டுரை எழுதிய புரூஸ் ஹொப்மன், ஜோர்ஜ்ரவுன் பல்கலைக்கழகப் பேராசிரியர்; 2004 முதல் 2006 வரையில் அமெரிக்க மத்திய புலனாய்வு நிறுவனத்தில் வருகைதரு அறிஞராகவும் இருந்தவர். ஒரே மனிதரில் இரு துறையும் கூடியதற்கு இவர் உதாரணமாவார். கைக்கெட்டியதைக் கொண்டு ஒருமுறை செய்த செயலை, கிருமி ஆயுதம் செய்யும் வல்லமைக்கு அறிகுறியாகக் கொள்வது பொருந்தாது என்பதை அவ்வாய்வை நிதானமாக வாசிப்போர் உணர்வர்.

இருபயன் பொருள் என்ற கோட்பாடு, அதாவது நன்மைக்கும் தீமைக்கும் ஒருங்கே உதவக்கூடிய பொருளைக் கட்டுப்படுத்தும் முறை, பல்கலைக்கழகங்களில் விவாதப் பொருளாகுமுன்னரே வன்னி மக்களுக்கு அனுபவமாயிற்று. 1990களின் பொருளாதாரத் தடையின்கீழ் யூரியாவும் சீமெந்தும் எரிபொருளும் பற்றரியும் வன்னிக்குள் வர இயலாதிருந்தன. வெடிபொருளாகக்கூடும் என்று எண்ணப்பட்ட பசளை இன்றிக் கமக்காரர் காலபோகத்தில் விதைத்தனர். ஒரு பொருள் யாருக்கு எவ்வளவு தேவை என்பதை அவ்விடத்தாரைக் கேட்டு அறியாது, பட்டியலை மட்டும் நோக்கித் தடுக்கும் முறை, அச்சத்தைக் குறைக்காமல் பசியைக் கூட்டும் என்பதை வன்னி கண்டது.

மண்ணில் உள்ள கிருமி

ஐக்கிய அமெரிக்கா மிக உயர்ந்த கட்டுப்பாட்டுக்கு உட்படுத்தியுள்ள சில நோய்க்கிருமிகளுள் இரங்கூனில் கண்ட மெலியோய்டோசிஸ் கிருமியும் ஒன்று. அதனை வைத்திருக்கும் ஆய்வுகூடங்களுக்கு அந்நாட்டில் கடுமையான காவலும் பதிவும் விதிக்கப்பட்டுள்ளன. இலங்கையிலோ வெறுங்காலுடன் சேற்றில் இறங்கி நாற்று நடுபவரின் பாத வெடிப்பு வழியே அது உடலுள் நுழைகிறது. மாரிமழையின் பின் நோயாளிகள் கூடுவர். நீரிழிவு உள்ளவரையே அது அதிகம் பிடிக்கும். காசநோய் போலவும் நெருப்புக்காய்ச்சல் போலவும் தோன்றுவதால், இரத்தத்தை வளர்ப்பூடகத்தில் இட்டுக் கிருமியை வளர்த்துப் பார்க்கும் வசதியற்ற வைத்தியசாலையில் அது வேறு பெயரால் அழைக்கப்பட்டு, நோயாளி இறக்கவும் நேரும். 2006 முதல் கொழும்புப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தின் நுண்ணுயிரியலாளர் ஈனோக்கா கொரியாவும் அவருடன் சேர்ந்தோரும் நாட்டின் வைத்தியசாலைகளிலுள்ள நுண்ணுயிரியலாளரைத் தேடி அறிவூட்டி, சந்தேகத்துக்குரிய மாதிரிகளைப் பெற்றுப் பரிசோதித்ததன் பயனாகவே, அரிதென எண்ணிய நோய் இந்நாட்டில் பரவலானது என்பது புலப்பட்டது. இரகசியம் எதுவும் இதற்கு வேண்டியிருக்கவில்லை.

மலேரியா ஒழிப்பும் இவ்வகையினதே. யுத்தகாலத்தில் வன்னியில் பெருகியிருந்த அந்நோயை, அரச மலேரியாத் தடை இயக்கத்தினர் போர்முனையின் இருபக்கமும் சென்று குருதி எடுத்தும் மருந்து தெளித்தும் அடக்கினர். உள்நாட்டில் தொற்றிய கடைசி நோயாளி 2012 ஒக்ரோபரில் காணப்பட்டார். 2016 செப்ரெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடெனச் சான்றளித்தது. அவ்வாண்டின் முடிவிலேயே, முன்னர் இங்கில்லாத அனோபிலிஸ் ஸ்டெபென்சி என்னும் நகர மலேரியாக் கொசுவின் குடம்பிகள் மன்னாரில் கிணறுகளில் அகப்பட்டன. கிணற்றினுள் வாளியை இறக்கி நீரை மொண்டு பார்த்த பூச்சியியலாளர் கண்ட எச்சரிக்கை அது.

தற்கால நிலை

இலங்கை உயிரியல் ஆயுத உடன்படிக்கையை 1986இல் அங்கீகரித்தது. ஐக்கிய அமெரிக்காவில் தேசிய விஞ்ஞானக் கழகம் கூட்டிய உயிரியலாளர் குழுவின் கருத்துகளைக் கொண்டு மத்திய புலனாய்வு நிறுவனம் 2003இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. பின்னர் புலனாய்வுத் துறைக்கு உயிரியலாளர் ஆலோசனைக் குழுவொன்றும் அமைந்தது. 2013இல் வட கரோலினா அரச பல்கலைக்கழகத்தில் புலனாய்வாளரும் பேராசிரியரும் ஒருங்கே பணிபுரியும் கூடமொன்று நிறுவப்பட்டது. கத்லீன் வோகலின் 2013ஆம் ஆண்டு நூல் இத்துறையை அறிய விரும்புவோர் முதலில் வாசிக்கத்தக்கது. வன்னியில், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடம் கிளிநொச்சி அறிவியல் நகரில் இயங்குகிறது. வவுனியா வளாகம் 2021 ஆகஸ்ட் 1 முதல் தனிப் பல்கலைக்கழகமாயிற்று.

இவ்விரு நிலையங்களும் தம்மைச் சூழ்ந்த வயலின் மண்ணையும் கிணற்றின் நீரையும் காட்டின் பூச்சியையும் ஆண்டுதோறும் பரிசோதித்து, கண்டதை மறைவின்றித் தமிழிலும் வெளியிட வேண்டும். வன்னியைப்பற்றி எங்கே எவர் அறிக்கை எழுதினும் அதற்கு அடிப்படையாக வேண்டிய தரவு அதுவே. வாசகருள் கமஞ்செய்வோர், முக்கியமாக நீரிழிவு உள்ளவர், மாரிகாலத்தில் பாதத்தில் புண் இருப்பின் சேற்றில் இறங்குமுன் சப்பாத்து அணிக. காய்ச்சல் வாரக்கணக்கில் தணியாதிருப்பின், தாம் வயலில் வேலை செய்பவர் என்பதை வைத்தியரிடம் தாமாகவே சொல்லுக.